லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

கல்யாண வீடு. பந்தி முடிந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. ஆண்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மழை, விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசி முடித்தாயிற்று. பேச்சு காருக்கு வந்தது.

"மாப்பிள்ளை, உங்கள் வண்டி எவ்வளவு கொடுக்கிறது?" என்று கேட்டார், மாமா.

"லிட்டருக்கு 22 கிலோமீட்டர், மாமா!" என்றார், மாப்பிள்ளை. அவர் முகத்தில் பெருமை.

"என் வண்டி 18-க்குக் குறையாது" என்றார், பெரியவர் ஒருவர்.

மூலையில் இருந்த சித்தப்பாவைப் பார்த்தார்கள். "உங்கள் வண்டி?"

"பதின்மூன்று" என்றார் அவர், மெல்லிய குரலில்.

"பதின்மூன்றா! எங்கேயோ கோளாறு இருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டியை மாற்றிவிடுங்கள்" என்று ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது.

எந்தக் கல்யாண வீட்டிலும் நடக்கும் காட்சி இது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கணக்குப் போட்டுச் சொன்னவர் யார் தெரியுமா? சித்தப்பா ஒருவர்தான்!

மாப்பிள்ளை சொன்ன 22, ஒரு நாள் இரவு திருச்சியிலிருந்து மதுரைக்குத் தனியாகப் போனபோது காரின் மீட்டர் பலகையில் கண்ட எண். பெரியவர் சொன்ன 18, கார் வாங்கும்போது கடைக்காரர் சொன்னது. சித்தப்பாவோ, சென்னையில் தினமும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ஏ.சி. போட்டு, நெரிசலில் ஊர்ந்து ஆபீசுக்குப் போகிறவர். பெட்ரோல் போட்ட பில்லை எல்லாம் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தவர்.

மூன்று எண்களும் மூன்று விதம். அவற்றை ஒரே தராசில் வைத்து நிறுத்தார்கள். அதுதான் தவறு.

பேச்சோடு போவதில்லை

"இது சும்மா பேச்சுத்தானே? இதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம்.

நஷ்டம் உண்டு. இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கார் வாங்குகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நல்ல காரை நஷ்டத்துக்கு விற்கிறார்கள். பெருமைக்காக மலைச்சரிவில் உயிரைப் பணயம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நம் நாட்டில் கார் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். 2010-ம் ஆண்டு வாக்கில் மாருதி கம்பெனி இந்தக் கேள்வியையே இந்தியில் விளம்பரமாக்கியது. நாடே சிரித்தது. காரணம், எல்லோர் வீட்டிலும் கேட்கும் கேள்வி அது!

கேள்வி நல்ல கேள்விதான். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலை மிச்சம் பிடித்தால் வீட்டுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. ஆனால் அரைகுறைப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் வண்டியை இன்னொருவர் வண்டியோடு போட்டி போட வைப்பதில்தான் குழப்பம் வருகிறது.

பந்தயத்தில் பிறந்த கதை

இந்தப் போட்டி இன்று நேற்று வந்தது அல்ல.

1939-ம் ஆண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் உட் ரிவர் என்று ஓர் ஊர். அங்கே ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலை இருந்தது. அதில் வேலை பார்த்த விஞ்ஞானிகளுக்குள் ஒரு பந்தயம். "ஒரு காலன் பெட்ரோலில் யார் அதிக தூரம் போகிறார், பார்ப்போமா?" என்றார்கள். வென்றவர் ஒரு காலனுக்கு சுமார் 50 மைல் ஓட்டிக் காட்டினார். நம் கணக்கில் லிட்டருக்கு 21 கிலோமீட்டர்!

அந்த விளையாட்டுப் பந்தயம்தான் வளர்ந்து, பிற்காலத்தில் உலகப் போட்டி ஆகிவிட்டது. 2005-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரிச் நகரத்து மாணவர்கள் ஒரு வண்டி செய்தார்கள். அதன் பெயர் பாக்-கார் 2. ஹைட்ரஜன் வாயுவில் ஓடும் வண்டி. அது செலவழித்ததைப் பெட்ரோல் கணக்கில் மாற்றிப் பார்த்தால், லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர்!

ஐயாயிரத்துச் சொச்சம்! மாப்பிள்ளையின் 22 எங்கே, இது எங்கே!

ஆனால் அந்த வண்டி எப்படிப்பட்டது? அதன் எடை சுமார் 30 கிலோ. ஓட்டுகிறவர் ஒருவர்தான். அவரும் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். மாமியாரையும் மூன்று பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது!

எண் உண்மை. அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் 1936 முதல் 1968 வரை இன்னொரு போட்டியும் நடந்துவந்தது. போர்க் காலத்தில் மட்டும் சில ஆண்டுகள் நிறுத்தினார்கள். மோபில் எண்ணெய்க் கம்பெனியின் பெயரால் புகழ் பெற்ற போட்டி அது. கடையில் விற்கும் சாதாரண கார்கள்தான் ஓட வேண்டும். எல்லாக் காரும் ஒரே பாதையில் போக வேண்டும். காருக்குள் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்து வருவார். ஒரே பாதை, ஒரே சட்டம். ஒப்பிட்டால் இப்படி அல்லவா ஒப்பிட வேண்டும்?

கம்பெனி சொல்லும் எண்

"அப்படியானால் கம்பெனி சொல்லும் எண் பொய்யா?" என்று கேட்கலாம்.

பொய் என்று சொல்ல முடியாது. அது பரீட்சை மார்க்!

புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் காரைச் சோதிக்கிறார்கள். கார் ரோட்டில் ஓடாது. உருளைகளின் மேல் நிற்கும். சக்கரம் சுற்றும், கார் நகராது. இவ்வளவு நேரம் இந்த வேகம், இவ்வளவு நேரம் நிறுத்தம் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்படியே ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் பல ஆண்டுகளாக வழங்கிவந்த சோதனையின் மொத்த நேரம் 1,180 வினாடி. அதாவது 20 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏ.சி. கிடையாது. மேடு பள்ளம் கிடையாது. மாடு குறுக்கே வராது. ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்காது!

வீட்டுக்கு வந்த பிறகு அந்த எண் கிடைக்காவிட்டால் கம்பெனியோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. பரீட்சை வேறு, பிழைப்பு வேறு.

ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. எல்லாக் காரும் ஒரே பரீட்சை எழுதியிருக்கின்றன. ஆகவே ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது உதவும். ஒன்று 24, இன்னொன்று 18 என்றால், முதல் கார் சிக்கனமானது என்று சொல்லலாம். நம் தெருவில் 24 கிடைக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது.

அந்தப் பரீட்சையிலும் பிசகு நடந்தது உண்டு. 2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் சுமார் 9 லட்சம் கார்களுக்குச் சொன்ன எண்ணைக் குறைத்துத் திருத்த வேண்டி வந்தது. 2014-ம் ஆண்டில் 10 கோடி டாலர் அபராதமும் கட்டின. 2016-ம் ஆண்டில் ஜப்பானில் மிட்சுபிஷி கம்பெனி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய கார்களின் சோதனைக் கணக்கில் தவறு செய்ததாக ஒப்புக்கொண்டது. பரீட்சையும் மாறுகிறது. ஐரோப்பாவில் பழைய சோதனை நடப்புக்குப் பொருந்தவில்லை என்று 2017-ம் ஆண்டில் கடினமான புதுச் சோதனையைக் கொண்டுவந்தார்கள்.

சரியாகக் கணக்கிடுவது எப்படி?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில் போதும். வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் டாங்க் நிறையப் பெட்ரோல் போடுங்கள். குழாய் தானாக "டக்" என்று நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரூபாயை முழுசாக்கிவிடலாம் சார்" என்று இன்னும் கொஞ்சம் ஊற்ற விடாதீர்கள். வண்டி அதுவரை ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

வழக்கம்போல் ஓட்டுங்கள். டாங்க் பாதிக்கு மேல் காலியானதும் அதே பங்குக்குப் போங்கள். முடிந்தால் அதே குழாயில் போடுங்கள். மறுபடியும் "டக்" என்று நிற்கும்வரை நிரப்புங்கள். இப்போது எத்தனை லிட்டர் பிடித்தது? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

ஓடியது 412 கிலோமீட்டர், பிடித்தது 29.4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 412-ஐ 29.4-ஆல் வகுத்தால் 14. அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டர்.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குழாய் ஒரு நாள் சற்று முன்னே நிற்கும், ஒரு நாள் சற்றுப் பின்னே நிற்கும். நாலைந்து தடவை நிரப்பிய கணக்கைச் சேருங்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான எண்.

மீட்டர் பலகையில் வரும் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல கார்களில் அது உள்ளதைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்.

ஒரே கார், பல எண்கள்

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு கார்கள். ஒன்று 12 கொடுக்கிறது. இன்னொன்று 19 கொடுக்கிறது. இரண்டிலும் கோளாறு இல்லை. எப்படி?

முதல் காரணம், பாதை. சிக்னலில் நிற்கும் கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடுவது இல்லை. ஆனால் பெட்ரோல் குடிக்கிறது. ஒரு மணி நேரம் இப்படி நின்றால் சிறிய காரே அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும்.

இரண்டாவது, வேகம். வேகம் கூடக் கூடக் காற்று தடுக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளுவதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் 100 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளும். மாப்பிள்ளை இரவில் சீராக 70, 80-ல் போயிருப்பார். அதனால்தான் 22!

மூன்றாவது, ஏ.சி. கடும் வெயிலில், அதுவும் கொஞ்ச தூரமே போகும்போது, ஏ.சி.யால் மைலேஜ் நூற்றுக்கு 25-க்கும் மேல் குறையக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தி இலாகா சொல்கிறது.

நான்காவது, தூரம். என்ஜின் சூடாவதற்கு முன்பே பயணம் முடிந்துவிட்டால் பெட்ரோல் அதிகம் செலவாகும். மூன்று கிலோமீட்டரில் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டரில் காய்கறிக் கடை என்று ஓடும் கார் பாவம், என்ன செய்யும்?

ஐந்தாவது, பெட்ரோல். நம் நாட்டில் 2025-ம் ஆண்டில் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே கலந்த பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை. இதைப் பற்றி ஆராய்ந்த நிதி ஆயோக்கின் 2021-ம் ஆண்டு அறிக்கை, பழைய முறையில் அமைந்த கார்களில் நூற்றுக்கு 6, 7 வரை குறையலாம் என்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கிடைத்த எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடுகிறவர் இதையும் நினைக்க வேண்டும்.

இவை தவிர டயரில் காற்று, ஏற்றிய பாரம், ஓட்டுகிறவரின் கால் என்று இன்னும் பல. இத்தனையும் ஒன்றாக இருந்தால் அல்லவா ஒப்பிடலாம்?

கண்ணைக் கட்டும் கணக்கு

இன்னொரு வேடிக்கை உண்டு. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்ற கேள்வியே கண்ணைக் கட்டிவிடும்!

ஒரு வீட்டில் பெரிய கார். லிட்டருக்கு 10 கொடுக்கிறது. அதை மாற்றி, 12 கொடுக்கும் கார் வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டில் சிறிய கார். 20 கொடுக்கிறது. அதை மாற்றி, 25 கொடுக்கும் கார் வாங்குகிறார்கள். இரண்டு வீட்டிலும் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். யாருக்கு அதிக மிச்சம்?

"இதென்ன கேள்வி? 2 கூடிய வீட்டைவிட 5 கூடிய வீட்டுக்குத்தானே மிச்சம்!" என்று தோன்றும்.

கணக்குப் போடுங்கள். முதல் வீட்டில் 100 லிட்டர் செலவானது, 83 லிட்டர் ஆகிவிட்டது. மிச்சம் 17 லிட்டர். பக்கத்து வீட்டில் 50 லிட்டர், 40 லிட்டர் ஆகிவிட்டது. மிச்சம் 10 லிட்டர்தான். 2 கூடிய வீட்டுக்கே அதிக மிச்சம்!

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் இருவரும் 2008-ம் ஆண்டில் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். படித்தவர்களே இந்தக் கணக்கில் ஏமாந்து போகிறார்கள் என்று கண்டார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள். "100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர்?" என்பது அங்கே வழக்கம். அரிசிக் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிக்கு இதுதான் எளிதாக விளங்கும். மாதத்துக்கு எத்தனை படி அரிசி என்றுதானே பார்க்கிறோம்? ஒரு படி அரிசி எத்தனை நாள் வரும் என்று பெருமை பேசுகிறோமா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு கார்கள். பெட்ரோல் கார் 18 கொடுக்கும். டீசல் கார் 23 கொடுக்கும். ஆனால் டீசல் காரின் விலை 1,25,000 ரூபாய் அதிகம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம்.

பெட்ரோலுக்கு மாதம் 3,333 ரூபாய். டீசலுக்கு மாதம் 2,400 ரூபாய். மிச்சம் 933 ரூபாய். அதிகமாகக் கொடுத்த 1,25,000 ரூபாய் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும்? 134 மாதம். அதாவது, 11 ஆண்டுக்கு மேல்! மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதே பணம் 27 மாதத்தில் திரும்பிவிடும்.

கல்யாண வீட்டில் 23 என்று மார் தட்டலாம். ஆனால் 600 கிலோமீட்டர் குடும்பத்துக்கு 18-தான் லாபம்!

உயிரோடு விளையாடாதீர்கள்!

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனிச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது.

சித்தப்பாவுக்கு 13 மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனார். திரும்பும்போது யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவாகாது!"

குன்னூர் தாண்டியதும் நியூட்ரலில் விட்டார். வண்டி ஓடியது. வேகம் கூடியது. பிரேக்கை அழுத்தினார். வளைவு வந்தது, மறுபடியும் அழுத்தினார். அடுத்த வளைவு, அடுத்த அழுத்தல். சிறிது நேரத்தில் ஏதோ கருகும் நாற்றம். பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது.

"என்னங்க, வண்டியை நிறுத்துங்கள்!" என்றாள், மனைவி.

நல்ல வேளை! அகலமான இடம் கிடைத்தது. நிறுத்திவிட்டார். கை நடுங்கியது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

நடந்தது என்ன? கியரில் இருந்தால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிச் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதனால்தான்.

சரி, பெட்ரோலாவது மிச்சமானதா? அதுவும் இல்லை! இக்காலக் கார்களில், கியரில் இருக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே கார் நிறுத்திவிடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொண்டு இருக்கும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோல் போகும். ஆக, கியரில் இறங்குவதே சிக்கனம். அதுவே பத்திரம்!

இந்த வழக்கம் தாத்தா காலத்தது. அந்தக் காலத்து அம்பாசடர், பியட் கார்களில் கார்புரேட்டர் இருந்தது. காலை எடுத்தாலும் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்தக் கார்கள் போய்விட்டன. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை! அந்தக் கார்களிலும் மலையில் அது ஆபத்தான வேலைதான்.

சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். இது இன்னும் மோசம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும். பிறகு மிதி கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

சிலர் லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறார்கள். காற்றுத் தடை குறையுமாம்! லாரி பிரேக் போட்டால் என்ன ஆகும்? இன்னும் சிலர், சித்திரை வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கைக்குழந்தையை வாட்டுகிறார்கள். மிச்சமாகும் பத்து, இருபது ரூபாய் டாக்டர் பீசுக்குக் காணுமா?

நல்ல வழி

சிக்கனத்துக்கு நேர் வழிகள் இல்லாமல் இல்லை.

மாதம் இரண்டு தடவையாவது டயரில் காற்றுப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் பக்கத்துக் கதவு ஓரத்திலேயே ஒட்டியிருப்பார்கள்.

தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிடுங்கள். கடைசிவரை விரட்டிக்கொண்டு போய்ப் பிரேக் போடாதீர்கள். பிரேக்கில் தேய்வது எல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான்!

நீண்ட பாதையில் 100-க்குப் பதிலாக 80-ல் போங்கள். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு 15 நிமிடம்தான் அதிகமாகும். பர்சும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

தெருமுனைக் கடைக்கு நடந்து போங்கள். காருக்கு அதைவிடச் சிக்கனமான ஓட்டம் கிடையாது!

ஒப்பிடுவதே கூடாது என்பது அல்ல. ஒரே மாடல் கார் வைத்திருக்கும் பத்துப் பேர், ஆளுக்கு ஓர் ஆண்டுக் கணக்கு நோட்டை எடுத்துவந்து உட்காரட்டும். எந்த ஊர், என்ன பாதை, எத்தனை பேர், ஏ.சி. உண்டா என்று சொல்லட்டும். அந்தப் பேச்சு பொன்னான பேச்சு. புதிதாகக் கார் வாங்குகிறவருக்கு அதைவிட நல்ல யோசனை கிடைக்காது. நோட்டு இல்லாத பெருமைதான் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நல்ல ஒப்பீடு ஒன்று உண்டு. உங்கள் காரை உங்கள் காரோடு ஒப்பிடுங்கள். போன மாதம் 14 கொடுத்தது. இந்த மாதம் 11 என்றால், பாதை மாறவில்லை என்றால், ஏதோ கோளாறு! டயரில் காற்று இல்லையா? பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறதா? ஏர் பில்டர் அடைத்துவிட்டதா? நோட்டு உடனே சொல்லிவிடும். மெக்கானிக் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஊட்டியிலிருந்து வந்த பிறகு சித்தப்பா நியூட்ரலைத் தொடுவது இல்லை. டயரில் காற்றுப் பார்த்தார். சிக்னலைக் கண்டதும் காலை எடுக்கப் பழகினார். நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். நாலு மாதத்தில் 13 என்பது 14 ஆகியது. மாதம் 700 கிலோமீட்டருக்கு சுமார் 4 லிட்டர் மிச்சம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4,500 ரூபாய். அதில் பெரிய பெண்ணுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அவள் இப்போது சைக்கிளிலேயே டியூஷனுக்குப் போகிறாள். காருக்கு ஓர் ஓட்டம் மிச்சம்!

அடுத்த கல்யாணத்தில் மாமா மறுபடியும் கேட்டார்: "இப்போது உங்கள் வண்டி எவ்வளவு கொடுக்கிறது?"

"பதினாலு" என்றார், சித்தப்பா. இந்தத் தடவை குரல் தாழவில்லை.

"மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு கொடுக்கிறதே!"

சித்தப்பா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நோட்டைக் கொஞ்சம் காட்டுகிறீர்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்!